அகல டயரும் கண்மாய்க் கரையும்

டிராக்டரின் முன் டயரில் நீளவாக்கில் மூன்று கோடுகள் புடைத்துக்கொண்டு ஓடுமே, அவை எதற்கு என்று நாற்பத்தாறு வயதுவரை நான் யோசித்ததில்லை. சென்னையில் இருபது வருடம் எழுதுபொருள் கடை நடத்திவிட்டு, அப்பச்சி (அப்பா) விட்டுப்போன ஏழு ஏக்கரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று பள்ளத்தூர்ப் பக்கம் திரும்பி வந்தவன் நான். பழைய டிராக்டர் ஒன்றை வாங்கினேன். 39 குதிரைத்திறன், பின்சக்கரத்தில் மட்டும் இழுவை, பவர் ஸ்டீயரிங் கிடையாது. முன்னால் 6.00-16 டயர், பின்னால் 13.6-28. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது டயர் ஏறும் இரும்பு வளையமான ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இப்போது இந்த எண்களைச் சொல்வேன். அப்போதோ டயர் என்றால் கறுப்பாக, வட்டமாக இருந்தால் போதும்.

எங்கள் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செம்மண், அதில் பாதி சரளை. மழையை நம்பிய ஒரு போகம். ஆடியில் புழுதி உழவு, புரட்டாசிக்குள் விதைப்பு, அதற்குப் பிறகு வானத்தையும் கண்மாயையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருப்பது. காய்ந்தால் கடப்பாரை இறங்காது. நனைந்தால் அதே மண் எண்ணெய் தடவிய தோசைக்கல். ஒரே வயலில் மூன்று மாத இடைவெளியில் இந்த இரண்டையும் பார்க்கலாம்.

2021 ஆடியில் முன் டயர்கள் மொட்டையாகிவிட்டன. காரைக்குடியில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார். “7.50 போட்டுவிடுங்கள். அதுவும் 16 தான், இதே ரிம்மில் ஏறிவிடும். அகலம் அதிகம், சேற்றில் புதையாது. வண்டிக்கும் எடுப்பாக இருக்கும்” என்றார். முந்தைய வருடம் முன்சக்கரம் சேற்றில் இறங்கி அரை நாள் பட்ட பாடு எனக்கு நினைவிருந்தது. ‘புதையாது’ என்ற ஒரு சொல்லில் விழுந்துவிட்டேன். டயர், டியூப், கூலி எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தேன். எடுப்பாகத்தான் இருந்தது. தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

எங்கள் டிரைவர் அறுபதைத் தாண்டியவர். மாட்டு வண்டியில் தொடங்கி டிராக்டருக்கு வந்தவர். முதல் நாள் உழவு முடித்து வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தம்பி, வண்டி கொஞ்சம் யோசித்துத் திரும்புகிறது” என்றார். புது டயர், பழகினால் சரியாகிவிடும் என்றேன். மறுநாள் வயலின் தலைமாட்டில், சால் முடியும் ஓரத்தில், திருப்பும்போது பார்த்தேன். ஒன்பது கொழு உள்ள கலப்பையைத் தூக்கி, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்த பிறகும் வண்டி இன்னும் நாலடி நேராகப் போய்த்தான் திரும்பியது. ஒரே வளைவில் முடிந்துகொண்டிருந்த வேலைக்கு ஒரு முறை பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. தார்ச்சாலையில் வேறு தொல்லை. கொஞ்சம் வேகம் பிடித்ததும் முன்சக்கரங்கள் இரண்டும் தலையாட்டின. கையில் பிடித்திருக்கும் ஸ்டீயரிங் அம்மி குழவிபோல ஆடியது. மாலையில் டிரைவருக்குத் தோள்பட்டை வலி. அப்போதும் நான் டயரைச் சந்தேகிக்கவில்லை. அவருக்கு வயதாகிவிட்டது என்று மனதுக்குள் நினைத்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வருடம் ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழை தமிழ்நாட்டில் யாருக்கும் மறந்திருக்காது. எங்கள் கண்மாய் நிறைந்து, மடைக்குப் பக்கத்தில் கரை கசியத் தொடங்கியது. ஊரார் சாக்குகளில் மண் நிரப்பிக் கொடுத்தார்கள். டிரைவர் வெளியூர் போயிருந்ததால் வண்டியை நானே எடுத்தேன். இரண்டு சக்கர டிரெய்லரில் ஏற்றியவர்கள் அவசரத்தில் மூட்டைகளை முன்பக்கமாகவே அடுக்கிவிட்டார்கள். அதன் பொருளும் எனக்கு அன்று தெரியாது.

கரை மேல் ஏறும் இடத்தில் இடதுபுறம் ஒரு வளைவு. முதல் கியரில்தான் போனேன். ஸ்டீயரிங்கை இடதுபுறம் ஒடித்தேன். முன்சக்கரங்கள் இரண்டும் இடதுபுறம் முழுக்கத் திரும்பி நின்றதைக் கண்ணால் பார்த்தேன். வண்டி திரும்பவில்லை. திரும்பிய சக்கரங்கள் உருளாமல், சுவரில் சாந்து பூசும் கரண்டிபோல மண்ணை வழித்துக்கொண்டு நேராகப் போயின, தண்ணீரை நோக்கி. பிரேக்கை மிதித்தேன். சாலையில் போகும்போது, இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனியாக உள்ள பிரேக் பெடல்கள் இரண்டையும் கொக்கியால் பிணைத்திருக்க வேண்டும், பிணைத்துத்தான் இருந்தன. வண்டி நின்றபோது வலது முன்சக்கரம் கரைச் சரிவில் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு முழம் போயிருந்தால் தண்ணீர்.

இறங்கிப் பார்த்தேன். கால் நடுங்கிக்கொண்டிருந்தாலும் அந்தத் தடத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஈரச் செம்மண்ணில் இரண்டு பட்டைகள், இழைத்ததுபோலப் பளபளவென்று. மூன்று கோடுகள் பதிந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு மழுங்கிய பள்ளம். டயரைத் தொட்டுப் பார்த்தேன். நடுக்கோட்டில் மட்டும் மண் ஒட்டியிருந்தது. இரண்டு பக்கக் கோடுகளிலும் காலையில் சாலையில் ஒட்டிய தூசி அப்படியே இருந்தது. அவை தரையைத் தொடவே இல்லை.

மூட்டைகளை இறக்கிப் பக்கத்து ஊர் டிராக்டரால் பின்னுக்கு இழுத்தார்கள். அன்று கரை உடையவில்லை. ஆத்தாவிடம் பாதிக் கதைதான் சொன்னேன்.

விளக்கம் கிடைத்தது பொங்கலன்று, அதுவும் கனடாவிலிருந்து. என் ஆச்சி (அக்கா) மகன் வடக்கு ஒன்டாரியோவில் வேலை பார்க்கிறான். எங்கள் ஐயா (தாத்தா) ரங்கூனுக்குக் கப்பலேறியவர். அங்கிருந்து மழையைப் பற்றி எழுதுவாராம். இவன் பனியைப் பற்றிப் பேசுகிறான். வீடியோவில் அழைத்து, வாங்கிய பனிவண்டியைக் காட்டினான். ஸ்னோமொபைல் என்பார்கள். பின்னால் அகலமான ரப்பர்ப் பட்டை சுழன்று பனியை உதைத்து வண்டியைத் தள்ளும். முன்னால் சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு ஸ்கீ, நம் ஊர் உரல் உலக்கை நீளத்துக்கு, மூக்கு வளைந்த பலகைகள். கைப்பிடியைத் திருப்பினால் அந்தப் பலகைகள் திரும்பும். பம்பார்டியே என்ற கியூபெக்காரர் 1959-இல் ஸ்கீ-டூ என்று ஒரு வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் இது அங்கே வீட்டுக்கு வீடு பரவியதாம். ஆத்தா கைப்பேசியை வாங்கி, “இதற்கு மாடு எங்கே கட்டுவது?” என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அவன் முகம் சரியில்லை. “அம்மான், வண்டியோடு வந்த ஸ்கீயைக் கழற்றிவிட்டு அகலமான ஸ்கீ வாங்கிப் போட்டேன். புதுப் பனியில் மூழ்காமல் அருமையாகப் போகிறது. ஆனால் இறுகிய பாதையில் திருப்பினால் திரும்ப மாட்டேன் என்கிறது. நேராகப் புதருக்குள் போகிறது” என்றான்.

எனக்குக் கண்மாய்க் கரை கண்ணுக்கு முன் வந்தது. ஸ்கீயைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். தோணியின் அடியில் ஏரா என்ற நடுமரம் இருப்பதுபோல நடுவில் ஒரு மேடு நீளமாக ஓடியது. கீல் என்றான். அந்த மேட்டின் அடியில் ஒரு இரும்புக் கம்பி, அதில் பதித்த, இரும்பைவிடக் கடினமான கார்பைடுத் துண்டு. பனிக்கட்டியைக் கீறிப் பிடிப்பது அந்தக் கார்பைடுதான். பலகை மிதப்பதற்கு, கீல் திரும்புவதற்கு. அவன் வாங்கிய ஸ்கீயில் பலகை அகலம், கீல் ஆழம் குறைவு. மிதப்பு கூடியது, பிடி போய்விட்டது.

என் டயரின் மூன்று கோடுகளும் கீல்தான். அவற்றை ரிப் என்பார்கள். பின்சக்கரத்தால் தள்ளப்படும் வண்டியில் முன்சக்கரத்துக்கு இழுக்கும் வேலை கிடையாது. திருப்பியதும் அந்த ரிப்பின் பக்கச் சுவர் மண்ணில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மண் கொடுக்கும் அந்தப் பக்கவாட்டு எதிர்ப்புதான் மூக்கைத் திருப்புகிறது. ஸ்டீயரிங் அதைக் கேட்கிறது, அவ்வளவுதான். ரிப் மண்ணில் இறங்காவிட்டால் திரும்பிய சக்கரம் ஒரு கரண்டி. முன்பக்கத்துக்கு வரும் எடை மாறாமல் டயரை மட்டும் அகலமாக்கினால், ஒவ்வொரு அங்குலத்துக்கும் விழும் அழுத்தம் குறைகிறது. காய்ந்த சரளையில் ரிப் வெட்டாது. சேற்றிலோ நான் ஆசைப்பட்டபடியே புதையாது. புதையாததால்தான் பிடிக்கவும் இல்லை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொன்னார்.

என் வழக்கில் இன்னொரு கோளாறும் இருந்தது, அதுதான் பெரியது. 7.50-16 டயருக்கு 5.50 அங்குல அகலமுள்ள ரிம் வேண்டும். என் வண்டியில் இருந்தது 6.00-க்கான 4.50 அங்குல ரிம். ‘16’ என்பது விட்டம் மட்டும்தான், அகலத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. குறுகிய ரிம்மில் அகல டயரை ஏற்றினால் இரண்டு ஓரங்களும் உள்ளே நெருக்கப்பட்டு, நடு உச்சி பணியாரம்போல உப்பிக்கொள்கிறது. போதாததற்குக் கடையில் 40 பி.எஸ்.ஐ. காற்றையும் அடித்து அனுப்பியிருந்தார்கள். மூன்று ரிப் டயரை வாங்கி ஒரு ரிப் டயராக ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, டயரின் முகத்தில் குறுக்கே சுண்ணக்கட்டியால் பட்டையாகக் கோடு இழுங்கள். பத்தடி நேராக உருட்டிவிட்டுப் பாருங்கள். மூன்று ரிப்பிலும் சுண்ணாம்பு ஒரே மாதிரி அழிந்திருந்தால் சரி. நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம் அல்லது ரிம் குறுகல். ஓரங்களில் மட்டும் அழிந்தால் காற்று குறைவு. ஒரு சுண்ணக்கட்டி விலைக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

மருமகன் அடுத்துச் செய்தது என்னைப் போலவே ஒரு அவசரம். பிடி இல்லை என்றதும் இருப்பதிலேயே நீளமான கார்பைடை வாங்கிப் போட்டான். நாலு அங்குலம், ஆறு, எட்டு என்று கிடைக்கிறதாம்; நீளம் கூடக்கூடப் பிடி கூடும். வண்டி திரும்பியது, கை கழன்றது. அதோடு புது வியாதி ஒன்று: முன்னால் போன வண்டிகள் பனியில் கீறிய தடத்தில் அவன் கார்பைடு விழுந்து, கைப்பிடியைக் கேட்காமல் இடமும் வலமுமாக இழுத்தது. நம் ஊரில் காய்ந்துபோன வண்டித்தடத்தில் டிராக்டரின் முன்சக்கரம் விழுந்தால் தடம் போகும் இடத்துக்குத்தான் போகும், அதே சங்கதி. கடைசியில் இரட்டைக் கீல் உள்ள ஸ்கீக்கு மாறினான். இரண்டு மேடுகளும் ஒரே கீறலில் விழாது என்பதால் இழுப்பு குறைகிறது. ஸ்கீக்கும் அதைத் தாங்கும் காலுக்கும் நடுவில் ஒரு ரப்பர்க் கட்டை இருக்கிறது. பழைய ஸ்கீயின் ரப்பரையே புதியதற்கும் வைத்திருந்தான். ஸ்கீயின் எந்தப் பகுதி அதிகம் அழுந்துகிறது என்பதையே அந்தக் கட்டை மாற்றிவிடுமாம். புது ஸ்கீக்கு அவர்கள் விற்கும் பொருத்துசாமான்களையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்பதை இரண்டாவது முறை காசு கொடுத்துத் தெரிந்துகொண்டான்.

அவன் என்னிடம் கேட்டு, நான் மெக்கானிக்கிடம் கேட்டு, எங்கள் இருவருக்கும் உதவியது ஒரு விஷயம்: முன்பக்கத் தேய்மானத்தைப் பார்ப்பது. புதுவயல் சாலையில் இருக்கும் மெக்கானிக் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னின் புஷ் தேய்ந்து கடகடத்தது. இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் கம்பியான டை ராட்டின் முனை ஒன்றும் தளர்ந்திருந்தது. “இது பழைய நோய். சின்ன டயர் பொறுத்துக்கொண்டது. பெரிய டயர் வெளியே தள்ளி நின்று நெம்புகிறது, அதனால் தெரிந்துவிட்டது” என்றார். சாலையில் தலையாட்டியதற்கு அதுதான் காரணம். தளர்ச்சியை வைத்துக்கொண்டு டயர் மாற்றுவதும் ஸ்கீ மாற்றுவதும் வீண்.

புஷ் மாற்றிய பிறகு டோ-இன் பார்த்தோம். முன்சக்கரங்கள் இரண்டும் முன்பக்கத்தில் ஒரு நூல் உள்நோக்கி இருக்க வேண்டும். அளக்க இயந்திரம் தேவையில்லை. சக்கரத்தின் முன்பக்கத்தில், அச்சு உயரத்தில், இரண்டு டயர்களின் நடு ரிப்பிலும் சுண்ணக்கட்டிப் புள்ளி வையுங்கள். இடைவெளியை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வண்டியை மெதுவாகத் தள்ளி அதே புள்ளிகளைப் பின்பக்கத்தில் அதே உயரத்துக்குக் கொண்டுவந்து மறுபடி அளங்கள். முன் அளவு பின் அளவைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். எங்கள் வண்டியின் கையேட்டில் 3 முதல் 5 மில்லிமீட்டர். என் வண்டி இருந்தது 14-இல். உங்கள் கையேட்டில் இருப்பதைப் பாருங்கள், என்னுடையதை அல்ல.

இதை மருமகனிடம் சொன்னதும் அவன் சிரித்தான். பனிவண்டியில் நேர்மாறாம், ஸ்கீக்கள் முன்னால் கால் அங்குலத்துக்குள் வெளிநோக்கி விரிந்திருக்க வேண்டும். பின்பட்டையை ஒட்டி ஒரு நீளமான நேர்ச்சட்டத்தை வைத்து, அதிலிருந்து கார்பைடுக்கு அளக்கிறான். ஸ்கீயின் பிளாஸ்டிக் ஓரத்திலிருந்து அளந்துதான் முதலில் தவறு செய்தானாம். புது ஸ்கீயின் ஓரம் வளைவாக இருந்ததால் எல்லா அளவும் பொய். தரையைப் பிடிப்பது எதுவோ அதை அளக்க வேண்டும் என்று அவன் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

எடை விஷயத்தில் மட்டும் இரண்டு வண்டிகளும் அண்ணன் தம்பி. அவன் வளைவில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எடை பின்னால் போய் ஸ்கீ லேசாகிறது. என் வண்டியில் கலப்பை மண்ணில் ஆழமாக இழுத்தால் மூக்கு லேசாகிறது. டிரெய்லரில் பாரத்தை முன்பக்கமாக அடுக்கினால் அது டிரெய்லரை மாட்டும் கொக்கியை அழுத்துகிறது. கொக்கி பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால், அழுத்த அழுத்த முன்பக்கம் தூக்கும். அன்று கரையில் மண்மூட்டைகள் செய்தது அதைத்தான். வழுக்கும் மண், உப்பிய டயர், தூக்கிய மூக்கு என்று மூன்றும் ஒரே வளைவில் சேர்ந்தன. இப்போது மூட்டை ஏற்றும்போது நானே நின்று டிரெய்லர் அச்சின் மேல், சற்றே முன்தள்ளி, பாரம் வரும்படி அடுக்கச் சொல்கிறேன். எல்லாவற்றையும் பின்பக்கம் தள்ளுவதும் ஆபத்து. மூக்கில் தொங்கவிடும் எடைக்கட்டிகளைப் பழைய சொந்தக்காரர் இரும்புக் கடையில் போட்டிருந்தார். வேறு வாங்கி மாட்டினேன்.

அன்று இடது பிரேக்கைத் தனியாக மிதித்திருந்தால் வண்டி திரும்பியிருக்குமே என்று சிலர் கேட்டார்கள். காலி வண்டியாக வயலில் ஓடியிருந்தால் திரும்பியிருக்கும். பின்னால் பாரத்தோடு டிரெய்லர் தள்ளும்போது ஒரு பக்கப் பிரேக்கை மிதித்தால் வண்டி மடிந்து கவிழும். வயலை விட்டு ஏறும்போதே பிரேக் பெடல்களின் கொக்கியைப் போடுவதில் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது.

கடைசியில் டயர். மறுபடி 6.00-க்குப் போகவில்லை. 6.50-16 வாங்கினேன், அதே 4.50 ரிம்முக்கு அது ஒத்துப்போகிறது. மூன்று ரிப், கூர்மையான ஓரம். காற்று 28 பி.எஸ்.ஐ. ஸ்டீயரிங் பாதி லேசானது. தலைமாட்டில் ஒரே வளைவு. சேற்றில் 7.50-ஐவிடக் கொஞ்சம் இறங்குகிறதா என்றால், இறங்குகிறது. அதற்கு நான் கண்டுபிடித்த மருந்து இரண்டு நாள் காத்திருப்பது. நாலு சக்கரமும் இழுக்கும் டிராக்டர் வைத்திருப்பவர்கள் இந்த விளையாட்டுக்கே வர வேண்டாம். முன், பின் டயர்களின் சுற்றளவுக் கணக்கை வைத்துத்தான் அதன் பல்சக்கரங்களை அமைத்திருக்கிறார்கள். முன்னதை மட்டும் மாற்றினால் டயரும் கியரும் ஒன்றையொன்று தின்னும்.

மாசியில் நெல்லை ஏற்றிக்கொண்டு புதுவயல் ரைஸ் மில்லுக்குப் போனோம். டிரைவர்தான் ஓட்டினார். நான் பின்னால் மோட்டார் சைக்கிளில். மில் வாசலில் இறங்கியவரிடம் தோள்வலி எப்படி என்று கேட்டேன். “எந்தத் தோள்?” என்றார். வயதைப் பற்றி நான் நினைத்ததை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

அந்த 7.50 டயர்கள் இரண்டும் வீட்டின் இரண்டாங்கட்டில் சாய்ந்து கிடக்கின்றன. சும்மா இடத்தை அடைக்கிறது என்று ஆத்தாவுக்குக் கோபம். போன வாரம் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் விலை கேட்டு வந்தார். “16 தானே, என் வண்டியிலும் 16 தான்” என்றார். ரிம்மில் என்ன அகலம் பொறித்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள், ஒத்துவந்தால் பாதி விலைக்கே தருகிறேன் என்றேன். மாலையில் ரிம்மைத் துடைத்துப் படம் எடுத்து அனுப்பினார். 4.50. டயர்கள் இன்னும் இரண்டாங்கட்டில்தான் இருக்கின்றன.